மங்கல் கண்ணாடி

நாங்கள் சொந்த வீடு கட்டிய காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். நிம்மதியாகச் சண்டை போட எங்களுக்கு ஓர் இடம் வேண்டியிருந்தது. ஊரில் மற்றவர்கள் பிள்ளைகளுக்காகக் கட்டினார்கள், கௌரவத்துக்காகக் கட்டினார்கள். நான் என் வீட்டுக்காரரிடம் வாய்விட்டு நாலு வார்த்தை கேட்பதற்காகக் கட்டினேன்.

எழுபதுகளின் தொடக்கத்தில் கல்யாணமாகிச் செங்கல்பட்டில் குடித்தனம் வைத்தோம். ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஒரு வீடு. அதில் ஏழு குடும்பங்கள், ஒரு கிணறு. எங்களுக்கு நடுவில் ஓர் அறை, ஜன்னல் கிடையாது. அறைக்கும் அறைக்கும் இடையில் இருந்த சுவர் ஆள் உயரம் வந்ததும் போதும் என்று நின்றுவிட்டது. அதற்கு மேலே ஏழு குடும்பத்துக்கும் பொதுவான ஓட்டுக்கூரை. முதல் அறையில் குழந்தை தும்மினால் கடைசி அறையிலிருந்து "நூறு" என்று வாழ்த்து வரும்.

அவர் தாலுகா ஆபீசில் கிளார்க். நான் மாமல்லபுரம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். விடியற்காலையில் பஸ் ஏறினால் திருக்கழுக்குன்றம் வழியாகக் குலுங்கிக் குலுங்கிப் போய்ச் சேருவேன். திரும்பி வரும்போது விளக்கு வைத்திருப்பார்கள். பிள்ளைகளிடம் கத்திக் கத்தித் தொண்டை கட்டினாலும் வீட்டுக்கு வந்ததும் அதே தொண்டை கோபத்துக்குத் தயாராக இருக்கும். எனக்குக் கோபம் மூக்கு நுனியில். அது எங்கள் வீட்டுச் சொத்து, அம்மா வழியில் வந்தது.

கல்யாணமான புதிதில் ரசத்தில் உப்பு போதவில்லை என்று அவர் சொல்ல, உங்கள் நாக்கில்தான் கோளாறு என்று நான் சொல்ல, வார்த்தை வளர்ந்துவிட்டது. மறுநாள் கிணற்றடிக்குப் போனால் அங்கே எனக்கு முன்பே தீர்ப்பு வந்து காத்திருந்தது.

"உப்பு கம்மின்னா கம்மின்னு சொல்லத்தானே செய்வாரு? அதுக்குப் போயி நாக்கை இழுக்கலாமா?" என்றாள் ஒருத்தி.

"அவ சொன்னதுல இன்னா தப்பு? காலைல அஞ்சு மணிக்கு எழுந்து ஆக்கி வெச்சுட்டுப் போறா. துன்னுட்டுப் போவ வேண்டியதுதானே?" என்றாள் இன்னொருத்தி.

என் ரசத்தை வைத்து அந்த இரண்டு பேரும் ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். எனக்கு மானமே போய்விட்டது. அன்றோடு நாங்கள் இருவரும் வாயால் சண்டை போடுவதை நிறுத்திக் கையால் போட ஆரம்பித்தோம்.

இது தானாக வந்த வித்தை. கட்டைவிரலால் நெற்றியில் ஒரு பெரிய வட்டம் போட்டால் அவருடைய அம்மா. மூக்கின் இரண்டு பக்கமும் விரல் வைத்தால் என் அம்மா, இரட்டை மூக்குத்தி. நெற்றியில் விரலால் எழுதிக் காட்டினால் என் தலையெழுத்து. அவர் இரண்டு கையையும் கூப்பினால் ஆளை விடு தாயே என்று பொருள். நான் முகவாயைத் தோளில் இடித்துக்கொண்டால் அன்றைக்கு அவருக்குச் சோறு ஆறித்தான் கிடைக்கும். பக்கத்து அறைக்காரர்கள் எங்களைப் பற்றி ஊரெல்லாம் சொன்னார்கள், "அந்த மாதிரி ஒத்துமையான ஜோடி உண்டா? குரலே எழும்பாது" என்று. உள்ளே ஒத்துமையான ஜோடி ஒருத்தர் கண்ணை ஒருத்தர் நோண்டாத குறையாகக் கை வீசிக்கொண்டிருக்கும்.

ஆனால் கைச்சண்டையில் ஒரு பெரிய குறை. சாப்பாடு, மாமியார், சம்பளம், ஒழுகுகிற கூரை, இவற்றை எல்லாம் கையால் சொல்லிவிடலாம். மனசில் கிடப்பதைச் சொல்ல முடியாது. "என்னைக் கேட்காம ஏன் முடிவு பண்ணீங்க?" என்று கேட்க எந்த விரலை மடக்குவது? அது தொண்டையிலேயே நின்றுவிடும். நாலு வருஷத்தில் எனக்கு அங்கே ஒரு மூட்டை சேர்ந்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அந்த மூட்டையை அவிழ்க்க வேண்டும். வீடு வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றேன்.

ஊருக்கு வெளியே கொளவாய் ஏரியைப் பார்த்தாற்போல் புதிதாக மனை போட்டிருந்தார்கள். சிமெண்டுக்குப் பர்மிட், செங்கல்லுக்குச் சிபாரிசு என்று அலைந்து திரிந்து ஒருவழியாகச் சுவர் எழும்பியது. முழுச் சுவர்! கூரை வரைக்கும் போகிற சுவர்! அதைத் தடவிப் பார்த்துக் கண்ணில் தண்ணீர் விட்டவள் நான்தான். ஜன்னலுக்குக் கண்ணாடி போட வேண்டிய கட்டம் வந்ததும்தான் வினை ஆரம்பித்தது.

அவருக்குச் சாதாரணக் கண்ணாடி போட வேண்டும், பளிச்சென்று வெளியே தெரிய வேண்டும். எனக்கு மங்கல் கண்ணாடி, உள்ளே இருப்பது ஈ காக்கைக்குக்கூடத் தெரியக் கூடாது. ஏன் என்றால் எனக்கு எங்களைத் தெரியும். நாலு வருஷப் பழக்கம் ஒரே நாளில் போகாது. வாய்க்குப் பயிற்சி வருகிற வரை கைதான் பேசும். வாயால் சண்டை போடுகிறவர்களுக்குக் கதவு இருந்தால் போதும். கையால் போடுகிறவர்களுக்குக் கண்ணாடி மங்கலாக இருந்தே ஆக வேண்டும்.

பஜாரில் சாமி படங்களுக்குச் சட்டம் போடுகிற கடையில்தான் ஜன்னல் கண்ணாடியும் விற்றார்கள். கடைக்காரர் முதலில் பூப்போட்ட கண்ணாடியை எடுத்து நிறுத்தினார். அதற்குப் பின்னால் என் வீட்டுக்காரரை நிற்கச் சொன்னேன். ஒவ்வொரு பூவுக்குள்ளும் அவர் ஒருமுறை தெரிந்தார், ஒவ்வொன்றிலும் வழுக்கை. ஒருத்தரைச் சமாளிக்கவே நாக்குத் தள்ளுகிறது, இது வேண்டவே வேண்டாம் என்றேன்.

அடுத்து கிரவுண்டு கிளாஸ் என்று ஒன்றை எடுத்தார். ஒரு பக்கம் வழவழ, மறுபக்கம் மணலில் தேய்த்து எடுத்தாற்போல் சொரசொர. அதன் பின்னால் போய் நின்றதும் மனிதர் பனிமூட்டத்தில் நிற்கிற எருமை மாதிரி ஆகிவிட்டார். இதுதான் என்று சொல்லிவிட்டேன்.

"சொரசொரப்பு உள்பக்கம் வர்ற மாதிரி போடுங்கம்மா. வெளிப்பக்கம் போட்டா தூசி அடைஞ்சிக்கும்" என்றார் கடைக்காரர்.

இவர் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வெளியே வந்து இரண்டு விரலைக் கண்ணருகே வைத்துத் தெருப்பக்கம் நீட்டினார். வெளியே பார்க்கணும் என்கிறாராம். யாரைப் பார்க்கணும், போகிற வருகிறவர்களையா என்று நான் விரலை நடக்கவிட்டுக் கேட்டேன். அவர் நெற்றியில் எழுதினார். நான் முகவாயைத் தோளில் இடித்தேன். அவர் கை கூப்பினார். பழக்கதோஷம், கடை என்பதே இருவருக்கும் மறந்துவிட்டது.

கடைக்காரர் எங்களை மாறி மாறிப் பார்த்தார். அவர் முகம் இளகியது. பிறகு என்னை விட்டுவிட்டு இவர் பக்கம் திரும்பி, நீளத்தையும் அகலத்தையும் கையை விரித்து விரித்துக் காட்டிக் கேட்டார். என்னிடம் தணிந்த குரலில், "பொறவியிலேயேவாம்மா?" என்றார்.

அந்த மனிதருக்கு எப்படிப் புரியவைப்பது? நான் "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். இவர் முறைத்த முறைப்பு இருக்கிறதே! ஆனால் வாயைத் திறக்க முடியாதே. கடையை விட்டு வெளியே வருகிற வரை ஊமையாகவே நின்றார். கிரவுண்டு கிளாஸ் அப்படித்தான் முடிவாயிற்று.

தெருவை வேடிக்கை பார்க்கிற ஆசை என்றுதான் நான் நினைத்தேன். தாலுகா ஆபீஸ்காரர்களுக்கு ஜன்னல் வழியாகப் பார்ப்பதுதானே பாதி உத்தியோகம் என்று மனசுக்குள் திட்டினேன்.

கிரகப்பிரவேசத்துக்கு மதுராந்தகத்திலிருந்து அவருடைய அத்தை வந்தார். பெரிய சுமங்கலி, கொஞ்சம் காது மந்தம். வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது இன்னாடி கண்ணாடி, வெளுப்பா?" என்று கேட்டார்.

"மங்கல் கண்ணாடி அத்தை" என்று காதருகே கத்தினேன்.

"மங்களக் கண்ணாடியா! நல்ல பேரு. ஏண்டி, மங்களக் கண்ணாடின்னு சொல்ற, ஒரு பொட்டு வைக்க வேணாமா? மூளியா நிக்குதே?"

நான் வாயைத் திறப்பதற்குள் மஞ்சள் கிண்ணத்தோடு கிளம்பிவிட்டார். வெறும் குங்குமம் கண்ணாடியில் ஒட்டவில்லை. விடுவாரா? நல்லெண்ணெய் விட்டுக் குழைத்தார். வீட்டில் ஒரு கண்ணாடி பாக்கியில்லாமல் உள்பக்கம், அந்தச் சொரசொரப்பில், உள்ளங்கை அகலத்துக்கு மஞ்சளும் நடுவில் குங்குமமும் அப்பினார். வந்தவர்கள் எல்லாம் இது எந்த ஊர் வழக்கம் என்று கேட்டார்கள். அத்தை பெருமையாக, "மங்களக் கண்ணாடிக்கு வைக்கறதுதான்" என்றார். அந்தத் தெருவில் அடுத்துக் கட்டிய வீட்டிலும் வைத்தார்கள் என்பது வேறு கதை.

கூட்டம் போனபின் துணியால் துடைத்தேன். சிவப்பு போயிற்று, எண்ணெய் போகவில்லை. துடைக்கத் துடைக்கத் தட்டு அகலத்துக்குப் பரவியது. மறுநாள் சாயங்காலம் விளக்கைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கண்ணாடியாகச் சீயக்காய்த் தூள் போட்டுத் தேய்த்துக் கழுவினேன். எல்லாம் சுத்தமாயிற்று. ஆனால் தெருப்பக்கத்து ஜன்னலில் மட்டும் இரண்டு நாள் கழித்து அதே இடத்தில் அதே கறை. மறுபடி கழுவினேன். மறுபடி வந்தது. கண்ணாடி எண்ணெயைக் குடித்துவிட்டுக் கக்குகிறது போலிருக்கிறது என்று அத்தையை மனசாரத் திட்டினேன். நான் கிளம்பும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு, ஞாயிற்றுக்கிழமையானால் நாள் முழுக்க அடுப்படி. விளக்கு வெளிச்சத்தில் அது வெறும் கறையாகத்தான் தெரிந்தது.

ஜன்னலைத் திறக்கக் கூடாது என்பது என் உத்தரவு. காரணம், சாயங்காலமானால் ஏரிக் கொசு படை திரண்டு வரும். ஆக, கதவு சாத்தியாயிற்று, ஜன்னல் சாத்தியாயிற்று, முழுச் சுவர் நாலு பக்கமும் நின்றது. சண்டைக்கு எல்லாம் தயார். சண்டைதான் வரவில்லை! அதாவது வாயால் வரவில்லை. எனக்குக் கோபம் வரும், வாயைத் திறப்பேன், கை முந்திக்கொள்ளும். அவரும் அப்படியே. இவ்வளவு செலவு செய்து கட்டிய வீட்டிலும் நாங்கள் ஊமைக்கூத்துதான் ஆடினோம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தொண்டையில் அந்த மூட்டை அப்படியே கிடந்தது.

எதிர்வீட்டில் ஓர் அக்கா இருந்தார். நெம்மேலிப் பக்கம் கடற்கரைக் குப்பத்தில் பிறந்தவர், செங்கல்பட்டு மார்க்கெட்டில் கருவாட்டுக் கடை. ஒரு நாள் நான் பஸ் இறங்கி வரும்போது தெருவில் மறித்துக்கொண்டார்.

"டீச்சரம்மா, ஒண்ணு கேட்டா தப்பா நெனச்சிக்க மாட்டியே? எம் பொண்ணுக்கும் அந்த டான்ஸு சொல்லிக் குடேன்."

"எந்த டான்ஸு? எனக்கு டான்ஸே தெரியாதுக்கா."

"அய்யே, எங்கிட்டயே மறைக்கிறியா? நீயும் சாரும் தெனம் ஆடிகினு கீறீங்களே! நேத்து நீ இப்டி நெத்தில பெரிய பொட்டு வெச்சு, இடுப்புல கை வெச்சிகினு நின்னே. அவுரு காலு மடக்கிக் கும்ட்டாரு. அம்மன் கதை தானே? எங்க வூட்டுக்காரரு கடையச் சீக்கிரமா மூடிட்டு வந்துடறாரு இத்தப் பாக்க. பக்கத்து வூட்டுக்காரங்களும் வராங்க."

"எங்கிருந்துக்கா பார்த்தீங்க?"

"இதோ, இங்க நின்னுதான்" என்று என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பினார்.

திரும்பினேன். அடப்பாவமே! தெருப்பக்கத்து ஜன்னலில், மங்கலாக இருந்த கண்ணாடிக்கு நடுவில் தட்டு அகலத்துக்குப் பளிங்கு மாதிரி ஓர் ஓட்டை. உள்ளே விளக்கு எரிந்தது. என் வீட்டுக்காரர் ஒரு காலைத் தூக்கி நாற்காலியில் வைத்துக்கொண்டு பனியனுக்குள் கைவிட்டு முதுகைச் சொறிந்துகொண்டிருந்தார். எத்தனை முறை சொறிந்தார் என்று எண்ணிவிடலாம், அவ்வளவு தெளிவு. சொரசொரப்பில் எண்ணெய் இறங்கினால் கண்ணாடி தெளிந்துவிடும் என்று அந்தக் கடைக்காரர் ஒரு வார்த்தை சொன்னாரா?

வீட்டுக்குள் புயலாக நுழைந்தேன். கட்டைவிரல் நெற்றிக்குப் போயிற்று. உடனே உறைத்தது. வெளியே ஆட்டம் பார்க்க ஆள் நிற்கிறது! கையைக் கீழே இறக்கினேன். அவர் எதற்கோ கையைத் தூக்கினார். ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்து அமுக்கினேன். இரண்டு பேர் கையும் கட்டுண்டு போயிற்று. அப்புறம் என்ன வழி? வாய் திறந்துகொண்டது.

"தெருவே பாக்குதுங்க நம்மளை! அந்த ஜன்னல்ல ஓட்டை இருக்கறது உங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. முழுச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"தெரியும்" என்றார் அவர். அவரும் சத்தமாகத்தான் சொன்னார்.

"தெரியுமா! தெரிஞ்சும் இன்னாத்துக்கு வாயை மூடிகினு இருந்தீங்க?" பள்ளிக்கூடத்தில் இன்னா என்று சொல்லுகிற பிள்ளையைப் பெஞ்சு மேல் ஏற்றுகிறவள் நான். கோபத்தில் அதுவே வந்தது. "நான் கை ஓயக் கழுவிக் கழுவிச் சாகறேன், அது மறுபடி மறுபடி வருது..."

"எப்படி வராம இருக்கும்? நான்தானே தடவறேன்!"

"என்னது?"

"நான்தான் தடவறேன். ரெண்டு நாளைக்கு ஒரு தரம் சாமி விளக்குல இருந்து எண்ணெயை விரலால எடுத்து நான்தான் தடவறேன். போதுமா?"

வந்தது பாருங்கள் எனக்கு. நாலு வருஷத்து மூட்டை வாய் பிளந்துகொண்டது. ரசத்தில் ஆரம்பித்தேன். என்னைக் கேட்காமல் அவர் தம்பிக்குக் கொடுத்த சைக்கிள், என் அம்மா வந்தபோது வாங்க என்று சொல்லாதது, ஒழுகின கூரைக்குக் கீழே என் பக்கம் பாயைத் தள்ளிவிட்டது, எதையும் விடவில்லை. அவரும் சளைக்கவில்லை. மனிதருக்கு எவ்வளவு பெரிய குரல்! நாலு வருஷம் கூடக் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாது. தெருவில் ஆள் சேருகிற சத்தம் கேட்டது. சேரட்டும் என்று விட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

"போறவங்க வர்றவங்களைப் பாக்கணும், அதுதானே உங்களுக்கு? அந்தக் கேடுகெட்ட ஆசைக்காக என் மானத்தை ஜன்னல்ல தொங்க விட்டீங்களா?" என்றேன்.

அவர் மேஜையில் ஓங்கிக் குத்தினார்.

"ஊர்ல எவன் போனா எனக்கு இன்னா, எவன் வந்தா எனக்கு இன்னா? நீ வர்றதைப் பாக்கணும்னுதான்டீ கண்ணாடி கேட்டேன்! நாலு வருஷம் அந்த ஜன்னல் இல்லாத ரூம்ல உக்காந்துகினு இருந்தேன். பஸ்ஸு வந்துச்சா, வழியில நின்னுடுச்சா, நீ எங்க நிக்கறே, ஒண்ணும் தெரியாது. காலடிச் சத்தம் கேட்டா ஏழு குடித்தனத்துல யாருதுன்னு தெரியாது. வாசல்ல வந்து நின்னா, பொண்டாட்டிக்குக் காவல் நிக்கறான்னு சிரிச்சானுங்க. சொந்த வூட்லயாவது ஜன்னலாண்ட உக்காந்து, நீ தெருமுனை விளக்காண்ட திரும்பறதைப் பாத்துட்டா நெஞ்சு அடங்கும்னு நெனச்சேன். இதைக் கையால எப்படீடீ சொல்றது?"

இவ்வளவு காலமாக எனக்குச் சொல்லத்தான் இருந்தது என்று நினைத்திருந்தேனே ஒழிய, கேட்க ஒன்று இருக்கும் என்று தோன்றவே இல்லை. என் கண்ணில் இருந்து மளமளவென்று தண்ணீர் கொட்டியது. துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

ஜன்னலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து எதிர்வீட்டு அக்காவின் குரல் கேட்டது.

"ஏ டீச்சரம்மா! மனுசன் இம்மாம் பெரிய வார்த்தை சொல்லிட்டு நிக்கறாரு, நீ இன்னா வாய மூடிகினு கீறே? பதில் சொல்லு தாயி!"

சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். அன்றைக்கு அந்தத் தெருவில் நின்றவர்கள் அத்தனை பேருக்கும் அது தெரியும். உங்களுக்குச் சொல்வதாக இல்லை.